தேவனாம்பட்டினம் கரையிலிருந்து நன்றி மடல்

ஊர்ப் பெரியோர்களுக்கும், கடல் தொழில் செய்யும் உறவுகளுக்கும், மீன் விற்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

நம் கரையில் இறங்கும் மீனை அன்றாடம் அளந்து குறித்துவரும் எங்கள் ஊர்க் கண்காணிப்புக் குழு, சென்ற ஆண்டு மீன்பிடித் தடைக்காலம் முடிந்த ஜூன் 15 அன்று தொடங்கிய கணக்கேட்டின் முதல் ஆண்டை நிறைவு செய்திருக்கிறது.

முதல் நன்றி ஏலத்தில் நிற்கும் அக்காமார்களுக்கு உரியது. ஃபைபர் படகு கரையேறி, கூடை கைமாறுவதற்குள் எங்களுக்குக் கிடைப்பவை சில நிமிடங்களே. அந்த அவசரத்திலும் பெரியது சிறியது என்று பொறுக்காமல் ஒரு கை கவலை மீனை அள்ளி அளவுப் பலகையில் போடுவார்கள்; பொறுக்கி வைத்தால் கணக்கு பொய்யாகும் என்பதை எங்களுக்கு முன்பே அறிந்தவர்கள் அவர்கள். வயிற்றை இலேசாக அழுத்திப் பார்த்து, "சினை இருக்கு தம்பி, எழுதிக்க" என்று அவர்கள் சொல்லச் சொல்லத்தான் கணக்கேட்டில் சினைக்கான பத்தி நிரம்பியது.

வலைக்கண் அளவையும், எத்தனை பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி) ஆழத்தில் வலை விட்டோம் என்பதையும் மறைக்காமல் சொன்ன படகுக்காரர்களுக்கு நாங்கள் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம். மீன் கிடைக்கும் இடம் தொழில் ரகசியம் என்பதால், ஆழத்தை மட்டும் எழுதி இடத்தை எழுதாமல் விட்டோம். அந்த வாக்கை இனியும் காப்போம்.

முன்பு ஒருமுறை வெளியிலிருந்து வந்து விவரம் சேகரித்துச் சென்றவர்கள் திரும்பி வரவே இல்லை. அந்த வருத்தம் மாறாத ஊர்ப் பஞ்சாயத்தார், மாதந்தோறும் ஊர்க்கூட்டத்தில் கணக்கை வாசித்தாக வேண்டும் என்று நிபந்தனை விதித்தார்கள். அன்று அது பாரமாகத் தோன்றியது. ஆனால் பிழைகளைத் திருத்தியதும், நம்பிக்கையைத் தந்ததும் அந்த வாசிப்புதான்.

2000ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்ட, மீன் கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கி அள்ளும் சுருக்குமடி வலையை முன்னிட்டு மீனவ ஊர்களே இரண்டுபட்டு நின்ற மாவட்டம் நம்முடையது. 45 நாளாக இருந்த தடைக்காலம் 2017 முதல் 61 நாளாக நீண்டதால் என்ன பலன் என்ற பேச்சும் ஓயவில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தேர்ந்தெடுத்த தளங்களில், தேர்ந்தெடுத்த நாள்களில் மாதிரி எடுத்தே மொத்தத்தை மதிப்பிடுகிறது. அது கடலோரம் முழுமைக்குமான கணக்கு. நம் கரையின் அன்றாட நிலையைச் சொல்ல நம்மிடமும் ஓர் ஏடு இருக்க வேண்டும் என்றே உழைத்தோம்.

மீன் இனங்களைப் பிரித்தறியக் கற்றுத்தந்த பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மாணவர்களுக்கும், பலகை செய்து கொடுத்துக் கூலி வாங்க மறுத்த தச்சருக்கும் எங்கள் நன்றி.

ஏட்டின் ஒரு படி பஞ்சாயத்தாரிடம் இருக்கிறது; யார் கேட்டாலும் பார்க்கலாம். இரண்டாம் ஏட்டில் எழுதத் தொடங்கிவிட்டோம்.

நன்றியுடன்,
கரைக் கண்காணிப்புக் குழுவினர்,
தேவனாம்பட்டினம், கடலூர்