எங்கள் கொடைக்கானல் வீட்டில் தங்கிப்போகும் உங்கள் எல்லோருக்கும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மலையில் மழை பிடித்துவிட்டது, பின்கட்டுப் பேரிக்காய் மரம் இந்த ஆண்டும் குறை வைக்கவில்லை. வழக்கமாக இந்த நாட்களில் அதைச் சொல்லத்தான் எழுதுவோம். இந்த முறை மனம் வேறொன்றில் நிற்கிறது.

எங்கள் வீட்டில் இருவருக்கு அறை மறுத்ததைப் பற்றிச் சுற்றிவரும் ஒரு குரல் பதிவு உங்களில் பலருக்கும் வந்திருக்கும். எனக்கே மதுரையிலிருந்து மூன்று பேர் அனுப்பினார்கள். "திருமணச் சான்று கேட்டுத் துரத்திவிட்டார்கள்" என்கிறார் அதில் ஒரு தம்பி. நாங்கள் யாரிடமும் அதைக் கேட்டதில்லை. இந்தப் பதினொரு ஆண்டுகளில் ஒரு முறைகூட இல்லை. வயது வந்த இருவர் மணமாகாமல் ஓர் அறையில் தங்குவது குற்றமல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் சொன்னது. கோயம்புத்தூரில் ஒரு தங்கும் விடுதியைப் பூட்டி முத்திரையிட்ட வழக்கு அது. அந்தத் தீர்ப்பு வருவதற்கு முன்பும் நாங்கள் கேட்டதில்லை. எத்தனையோ ஜோடிகள் எங்கள் மாடி அறையில் தங்கியிருக்கிறார்கள். அவர்களில் சிலர் பிறகு குழந்தையோடும் வந்திருக்கிறார்கள். இந்தப் பழியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நடந்தது இதுதான். மே மாதத்து வெள்ளிக்கிழமை மதியம் ஒருவர், மறுநாள் ஓர் இரவுக்கு, இரண்டு பேருக்கு என்று பதிவு செய்தார். மாடி அறை போதுமே என்றால், முழு வீடும் வேண்டும் என்றார். வெந்நீர் வருமா, ஏரி எவ்வளவு தூரம் என்று எல்லோரும் கேட்பதை அவர் கேட்கவில்லை. வாசலில் கேமரா இருக்கிறதா, நீங்கள் அங்கேயே குடியிருக்கிறீர்களா, பக்கத்து வீடு எத்தனை அடி தள்ளி என்று கேட்டார். கேமராவைப் பற்றிக் கேட்பதில் தவறே இல்லை. தனியாக வரும் பெண்கள் கட்டாயம் கேட்க வேண்டும். (வாசலில் ஒன்று உண்டு, உள்ளே எங்கும் இல்லை.) ஆனால் மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது எங்களுக்கு உறுத்தியது. 2024 மே 7 முதல் கொடைக்கானல் வர இ-பாஸ் (இணையத்தில் பெறும் அரசு அனுமதிச் சீட்டு) வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அதன் நகலைக் கேட்டோம். வரும்போது தருகிறேன் என்றார்.

சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு வந்த இருவரின் பெயரும் பதிவில் இல்லை. அவர்களுக்குப் பின்னால் இரண்டு வண்டிகள் நின்றன. எல்லோருடைய அடையாள அட்டையும் வேண்டும் என்றதும் அந்த வண்டிகள் திரும்பிவிட்டன. பதிவு செய்தவரின் கைப்பேசி அணைந்திருந்தது. நாங்கள் மறுத்துவிட்டோம். அவர்கள் தூறலில் நாற்பது நிமிடம் நிற்க நேர்ந்தது, அதற்கு வருந்துகிறோம். முன்பணத்தைப் பதிவு செய்தவர் கணக்குக்கே திருப்பி அனுப்பிவிட்டோம்.

இவ்வளவு பயம் ஏன் என்று கேட்பீர்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் "ஆறு மாணவர்கள்" என்று பதிவாகி முப்பது பேர் வந்து இறங்கினார்கள். விடியும்வரை ஒலிபெருக்கி அலறியது. காலையில் குப்பைக்கூடையில் போதைக் காளான் கிடந்தது. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை தனியாக இருக்கிறார். அன்று இரவு கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாராம். அதன் பிறகு ஆறு மாதம் எங்களோடு அவர் பேசவில்லை.

பணத்தில் ஏமாந்த கதையும் உண்டு. இராணுவத்தில் இருப்பதாகச் சொன்ன ஒருவர், பன்னிரண்டு பேருக்கு நான்கு நாள் வேண்டும் என்றார். சீருடைப் படமும் அடையாள அட்டையும் அனுப்பினார். வாடகையில் பேரமே பேசவில்லை. முன்பணம் வருவதற்கு இந்தக் கட்டப்படத்தை (க்யூஆர் கோடு) ஸ்கேன் செய்து உங்கள் யுபிஐ ரகசிய எண்ணைப் போடுங்கள் என்றார். என் கணவர் போட்டார். பதினெட்டாயிரம் ரூபாய் போயிற்று. பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. கேட்டால் அது நம் கணக்கிலிருந்து வெளியே போகும் பணம். இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை உடனே அழைத்திருக்க வேண்டும், நாங்கள் மறுநாள்தான் அழைத்தோம். வாடகைக்கு வீடு விடுகிறவர்கள் உங்களில் யாராவது இருந்தால் இதை மனத்தில் வையுங்கள். "தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்புங்கள்" என்று ரசீதுப் படத்தோடு வருவதும் இதே வகைதான். படத்தை நம்பாமல் வங்கிக் கணக்கைப் பாருங்கள்.

ஆகவே தங்கும் ஒவ்வொருவரின் பெயரையும் அடையாள அட்டையையும் இனியும் கேட்போம். ஆதார் என்றால் முதல் எட்டு எண்கள் மறைத்த நகலே போதும். வெளிநாட்டு நண்பர்களை அழைத்து வந்தால் முன்பே சொல்லுங்கள். வந்த 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை நாங்கள் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆடி முதல் ஐயாயிரம் ரூபாய் முன்வைப்புத் தொகையும் உண்டு, இரவு எட்டுக்குமேல் வருகை இல்லை.

நாங்கள் கேட்பதற்கு முன்பே பெயர்ப் பட்டியலை அனுப்பிவிடும் விருதுநகர்க் குடும்பத்துக்கும், அந்தக் குரல் பதிவு வந்த இடத்திலெல்லாம் "எங்களுக்கு அவர்களைத் தெரியும்" என்று பதில் எழுதிய உங்கள் ஒவ்வொருவருக்கும் எப்படி நன்றி சொல்வது? அதைப் படித்த இரவு நான் அழுதுவிட்டேன்.

அன்று வாசலில் நின்ற இருவருக்கும் இது போய்ச் சேருமானால்: பின்னால் வந்த வண்டிகளைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாமலே இருந்திருக்கலாம். உங்கள் பெயரிலேயே பதிவு செய்து வாருங்கள். மாடி அறை உங்களுக்கு உண்டு.

அன்புடன்,
வீட்டுக்காரர்கள்,
நாயுடுபுரம், கொடைக்கானல்