பரிமாற்றக் குழுப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ரொக்கமில்லாமல் உழைப்பையும் பொருளையும் மாற்றிக்கொள்ளும் லெட்ஸ் (LETS) போன்ற உள்ளூர்ப் பரிமாற்றக் குழுக்களை நடத்துகிற பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

கனடாவின் காமாக்ஸ் பள்ளத்தாக்கில் 1983இல் மைக்கேல் லிண்டன் லெட்ஸைத் தொடங்கிய காலத்தில், அங்கே காசில்லாதவர்களிடமும் தொழில்திறன் இருந்தது. ஒருவர் செய்த வேலை அவர் கணக்கில் ஏறும், பெற்றவர் கணக்கில் இறங்கும். எல்லாருடைய கணக்கையும் கூட்டினால் பூச்சியம். நோட்டும் சில்லறையும் இல்லாத இந்த ஏற்பாட்டில் கணக்கேடுதான் பணம்.

அந்த ஏடு உங்களில் பலருக்கு ட்ரூபல் (Drupal) என்ற இலவச இணையத்தள மென்பொருளில் இருக்கிறது. நல்ல முடிவுதான். உறுப்பினர் பதிவு அதில் ஏற்கெனவே உண்டு, விளம்பரப் பக்கமும் அமைத்துக்கொள்ளலாம். கணக்கு எழுத மாத்யூ ஸ்லேட்டர் என்ற நிரலாளரின் மியூச்சுவல் கிரெடிட் மாட்யூல் (ட்ரூபலோடு சேர்க்கும் கூடுதல் நிரல்) கிடைத்தது. சுவிட்சர்லாந்தின் கம்யூனிட்டி ஃபோர்ஜ் என்ற அமைப்பு அதை வைத்துச் சிறு குழுக்களுக்குத் தளங்களை நடத்திக் கொடுத்தது. பெரிய தொண்டு அது.

ஆனால் ட்ரூபல் 7க்கான அதிகாரபூர்வ ஆதரவு 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இன்னும் அதிலேயே இருக்கும் குழுக்கள் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். எட்டாம் பதிப்பிலிருந்து ட்ரூபலின் அடித்தளமே வேறு. பழைய மாட்யூல்களைத் திருத்தி எழுத வேண்டும், தரவைப் புதுத் தளத்துக்குப் பெயர்க்க வேண்டும். ஒரு தொண்டர் ஞாயிற்றுக்கிழமை மாலையில் முடிக்கிற வேலை இல்லை இது.

பெயர்க்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். இத்தகைய தளத்தில் எந்தப் பதிவையும் அட்மின் திருத்தலாம், அழிக்கலாம். கட்டுரைக்கு அது சரி, கணக்குக்கு ஆகாது. விலகிய உறுப்பினரை அழித்து, அவரோடு அவர் பரிமாற்றங்களும் போய்விட்டால், அவருக்குத் தோட்ட வேலை செய்தவரின் உழைப்பும் சேர்ந்து மறைந்துவிடும். கணக்கை மூடுங்கள், அழிக்காதீர்கள். பிழையை எதிர்ப்பதிவு போட்டுச் சரிசெய்யுங்கள். பெயர்ப்புக்கு முன்னும் பின்னும் ஒவ்வொருவர் இருப்பையும் ஒப்பிட்டு, மொத்தம் பூச்சியம்தானா என்று பாருங்கள். உறுப்பினர் தம் கணக்கைத் தாமே பதிவிறக்கி வைத்துக்கொள்ளவும் வழி வேண்டும்.

கடைசியாக, மென்பொருள் இலவசம் என்பதால் அதைப் பராமரிப்பவரின் நேரமும் இலவசம் என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு உறுப்பினரிடமும் சிறு பங்கு பிடித்து, குழுவின் நாணயத்திலேயே பராமரிப்பவருக்குக் கூலி எழுதுங்கள்; சர்வர் செலவுக்கு மட்டும் ரொக்கம் திரட்டுங்கள். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அன்புடன்,
ட்ரூபல் நிரலாளர் ஒருவர்