ஊரூரைக் கேட்காமல் பெசன்ட் நகர் கதையை எழுதாதீர்கள்

பெசன்ட் நகர் குடியிருப்போர் சங்கங்களின் அன்பர்களுக்கு,

வணக்கம். நம் பகுதியின் பழைய நினைவுகளைத் தொகுத்து வைக்க வேண்டும் என்று அடிக்கடி பேசுகிறோம். நல்ல காரியம். ஆனால் பேச உட்கார்ந்தால், வீட்டு வசதி வாரியக் குடியிருப்பு, வேளாங்கண்ணி மாதா கோயில், அஷ்டலட்சுமி கோயில் என்று எழுபதுகளிலேயே தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறோம். அதற்கு வெகுகாலம் முன்பே ஊரூர் குப்பம் என்ற மீனவர் ஊர் இங்கே இருந்தது. அங்குள்ள பெரியவர்களிடம் நாம் இன்னும் கேட்கவே இல்லை.

நான் 1979-ல் இங்கே குடிவந்தேன். காலையில் கடற்கரைக்குப் போனால், கரையேறிய கட்டுமரத்தின் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகப் பிரித்து மணலில் காயப் போட்டிருப்பார்கள். ஈரம் ஏறிய மரம் கனத்துப்போகும் என்று ஒரு பெரியவர் சொன்னார். தண்ணீர் தெற்கேயிருந்து வடக்கே இழுத்தால் தெண்டி, வடக்கேயிருந்து தெற்கே இழுத்தால் வன்னி. நுரை போகிற பக்கத்தை விரலால் காட்டிச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான்.

ஷ்மிட் நினைவுச்சின்னம் நம் எல்லோருக்கும் தெரியும். 1930 டிசம்பர் 30 அன்று, கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க் மாலுமி. அந்த மரியாதை அவருக்குத் தகும். அதே கடலில் அலையில் சிக்கியவர்களைக் குப்பத்து இளைஞர்கள் இழுத்து வந்து கரையில் கிடத்தியதை நான் இரண்டு முறை கண்ணால் பார்த்தேன். அவர்கள் பெயரை நான்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

அடையாறு முகத்துவாரத்து உடைந்த பாலம் நம் பிள்ளைகளுக்குப் படம் எடுக்கிற இடம். எங்கள் மாடிப்படியில் மீன் கூடையை இறக்கி வைக்கும் அம்மாவுக்கு அது நடந்த வழி. "பாலம் இருந்தப்ப விடியறதுக்குள்ள அந்தாண்ட போயிடுவோம், இப்ப ஊரைச் சுத்தணும்மா" என்பார். 1977-ல் பாலம் உடைந்ததை அவர் வாயால் முழுதாகக் கேட்டிருக்கலாம். அவர் இப்போது இல்லை.

அதனால்தான் அவசரப்படுகிறேன். வரும் பொங்கலுக்குள், வலை பின்னுகிற மதிய நேரமாகப் பார்த்து, குப்பத்துப் பெரியவர்களிடம் போவோம். சம்மதம் கேட்டு, செல்போனிலேயே பதிவு செய்வோம். 2004 சுனாமியை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டாம். காற்றின் பெயர்கள், மீன் பாடு, இந்தக் கட்டடங்கள் எழும்பும்முன் இங்கே என்ன இருந்தது, எல்லாம் வேண்டும். அவர்கள் பேச்சை நம் பேச்சாகத் திருத்தாமல் அப்படியே வைப்போம். ஒரு பிரதி குப்பத்துக்கு. இன்னொன்று, ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக 1894-ல் பிரம்மஞான சபையின் ஆல்காட் தொடங்கிய பள்ளிக்கு.

கட்டுமரங்கள் காய்கிற பழைய படங்கள் இரண்டு என்னிடம் உள்ளன. முதலில் அவற்றை எடுத்துக்கொண்டு போவோம். படத்தில் இருப்பவர்களை அங்கே யாராவது பெயர் சொல்லி அடையாளம் காட்டுவார்கள்.

அன்புடன்,
உங்கள் பக்கத்துத் தெருக்காரர்