95-ஆவது நிமிடக் கோல்

கேரி, வட கரோலினா
20.12.2024

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், நல்லது. அதற்காக உடனே மைதானத்துப் பக்கம் போய்விடாதே. இங்கே எல்லோரும் நலம்.

திங்கட்கிழமை ராத்திரி எங்கள் ஊர் வேக்மெட் மைதானத்தில் கல்லூரி ஆண்கள் கால்பந்து தேசிய இறுதிப்போட்டி. வெர்மான்ட், மார்ஷல் பல்கலைக்கழக அணிகள் மோதின. இரண்டுக்குமே பச்சைதான் நிறம். கேலரியில் யார் எந்தக் கட்சி என்று கத்துவதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

மொத்தம் 48 அணிகள், தோற்றால் வீடு. தரவரிசையில் வரும் 16 அணிகளுக்கு முதல் சுற்று ஆட்டம் கிடையாது. வெர்மான்ட் அந்தப் பதினாறில் இல்லை. அவர்கள் இதுவரை தேசியப் பட்டம் வாங்கியதெல்லாம் பனிச்சறுக்கில்! செயின்ட் லூயிஸ் 10 முறை, இண்டியானா 8 முறை தூக்கிய கோப்பை இது.

உனக்கு இந்த ஊர்க் கடிகாரம் பிடிக்காது. 45 நிமிடத்திலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வரும்; பூஜ்யம் வந்தால் அவ்வளவுதான். கீப்பர் நேரம் கடத்தினால் நடுவர் கடிகாரத்தையே நிறுத்திவிடலாம். உன் பழைய வித்தையெல்லாம் இங்கே செல்லாது. எனக்குப் பிடிக்காதது வேறு: மாற்று ஆளை இறக்கிவிட்டு வெளியே போனவன் மறுபடி உள்ளே வரலாமாம். களைத்துப்போன டிஃபென்டரைக் கடைசிக் கால் மணி நேரத்தில் ஏமாற்றுவதில்தானே ஃபார்வர்டுக்குச் சுகம்!

மார்ஷல் முதலில் கோல் போட்டது. 81-ஆவது நிமிடத்தில் வெர்மான்ட் சமன் செய்தது. அப்புறம் கூடுதல் நேரம், முதல் கோல் விழுந்ததும் ஆட்டம் முடிந்துவிடும். 95-ஆவது நிமிடத்தில் பின்னாலிருந்து ஒரு நீளப் பந்து. வெர்மான்ட்டின் கிஸ்ஸல் டிஃபென்டரை உதறிவிட்டுத் தனியாக ஓடி, முன்னால் வந்த கீப்பரையும் தாண்டி, காலி வலைக்குள் தட்டிவிட்டான். கோச் பலகையில் வரைந்து சொல்லித்தரும் ஆட்டமே இல்லை அது.

2021 மே மாதம், கொரோனாவால் தள்ளிப்போன இறுதியாட்டத்தில், இதே மார்ஷல் தரவரிசையில் இல்லாமல் வந்து இண்டியானாவைக் கூடுதல் நேரக் கோலில்தான் வீழ்த்தியது. இப்போது அதே மருந்து அவர்களுக்கு. கொடுமையான விதிதான். ஆனாலும் பெனால்டி அடித்துக் கோப்பை கொடுப்பதைவிட இது மேல் என்பேன். 1982-இல் இண்டியானாவும் டியூக்கும் எட்டு முறை கூடுதல் நேரம் ஆடித்தான் முடிவு கண்டன.

சரி, அந்தக் கோல் யூடியூபில் கிடைக்கும், பார். கீப்பர் அவ்வளவு தூரம் வெளியே வந்தது சரியா? நம்ம டீம் கீப்பர் நீதானே, நீயே சொல்.

அன்புடன்,
ரவி