அண்ணன் கல்லறைக்கு ஒரு வசனம்

புரசைவாக்கம், சென்னை
அக்டோபர் 14

அன்புள்ள தேவசகாயம்,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. உடனே எழுதாததற்குக் கண்ணைக் காரணம் காட்டலாம். இடது கண்ணில் புரை எடுத்து, சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியுமாக இரண்டு வாரம் போயிற்று. ஆனால் உண்மையான காரணம் அதுவல்ல. உன் அண்ணனை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும் வழியில் உங்கள் சபையின் அந்த உபதேசியார் உன் தோளில் கை போட்டுக்கொண்டு, "என்ன செய்வது, தெரிந்துகொள்ளப்பட்டவர்களில் அவர் இல்லை போலிருக்கிறது" என்றாராமே, மீட்புக்காகத் தேவன் தேர்ந்துகொண்டவர்களில் சேர்த்தி இல்லை என்று! அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். ஆறுதல் சொல்ல வந்த வாய்! கோபத்தோடு எழுதிய ஒன்றரைப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இன்றைக்குத்தான் மறுபடி உட்கார்ந்திருக்கிறேன்.

நீ இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். யார் மீட்கப்படுவார் என்று தேவன் முன்பே குறித்துவிட்டார் என்னும் முன்குறித்தல் உண்மை என்றால் அவர் சொன்னதில் என்ன தவறு? கல்லில் எந்த வசனத்தை வெட்டுவது? இரண்டாவதற்குக் கடைசியில் வருகிறேன்.

விடுதி நாட்கள் நினைவிருக்கிறதா? நீ முன்குறித்தலைப் போதித்த கால்வின் கட்சி, நான் அதை மறுத்த வெஸ்லி கட்சி. வார்டன் வந்து விளக்கை அணைக்கும்வரை சண்டை. அவர்கள் எழுதியதில் ஒரு பக்கம்கூட நாம் இருவரும் அப்போது படித்திருக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்கு அதற்கு நேரம் வாய்த்தது. படித்ததும் உன் ஆள்மேல் மரியாதை கூடியது என்பதை ஒத்துக்கொள்கிறேன். கால்வின் தம் பெரிய நூலின் கடைசிப் பதிப்பில் (1559) முன்குறித்தலை எங்கே வைத்திருக்கிறார் தெரியுமா? தொடக்கத்தில், கடவுள் யார் என்று சொல்லும் இடத்தில் அல்ல. மூன்றாம் புத்தகத்தின் கடைசிப் பகுதியில், ஜெபத்தைப் பற்றிய நீண்ட அதிகாரத்தை முடித்துவிட்டு, அதற்கு அடுத்தபடியாக வைத்திருக்கிறார். போதாததற்கு, வீண் ஆவலோடு இதற்குள் நுழைகிறவன் வெளியேற வழி தெரியாத சிக்கலில் மாட்டிக்கொள்வான் என்று வாசலிலேயே எச்சரிக்கிறார்.

அவரோடு ஒரே மரபைச் சேர்ந்த சுவிஸ் திருச்சபைகள் 1566இல் வெளியிட்ட இரண்டாம் ஹெல்வெட்டிக் விசுவாச அறிக்கை இன்னும் வெளிப்படை. சூரிச் போதகர் புல்லிங்கர் எழுதியது. தம்முடையவர்கள் யார் என்று தேவன் அறிவார். ஆனாலும் நாம் எல்லாரைக் குறித்தும் நல்லதையே நம்ப வேண்டும், யாரையும் தள்ளுண்டவன் என்று அவசரப்பட்டுத் தீர்க்கக் கூடாது என்கிறது பத்தாம் அதிகாரம். ஆகவே உன் உபதேசியார் கால்வின் பெயரைச் சொல்லித் தப்பிக்க முடியாது. அவர்களுடைய சொந்த அறிக்கையே அவர் வாயை அடைக்கிறது.

என் கட்சிக்கும் ஒரு குட்டு வேண்டும். மனிதன் தன் சுயசித்தத்தால் எழுந்து நடந்து தேவனிடம் போய்விடுகிறான் என்று வெஸ்லி சொன்னதாகத்தான் நான் உன்னிடம் வாதாடிக்கொண்டிருந்தேன். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. அவருக்கு முன்னால் அதே பக்கம் நின்ற டச்சு இறையியலர் ஆர்மீனியஸும் சொல்லவில்லை. கிருபை முந்திக்கொண்டு வராவிட்டால் மனிதனால் ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாது என்பதில் இரு தரப்புக்கும் பேதமில்லை. வந்த கிருபையை மனிதன் தள்ளிவிட முடியுமா என்பதுதான் வழக்கு. முடியும் என்றவர்களை 1618-19இல் நெதர்லாந்தின் டார்ட் நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் கண்டித்தது. என்னோடு வேலை பார்த்த திருவல்லிக்கேணி ஐயங்கார் இதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "இது எங்கள் வீட்டுச் சண்டை ஆயிற்றே" என்றார். வடகலைக்குத் தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி, தென்கலைக்குத் தாய் கவ்விக்கொண்டு போகும் பூனைக்குட்டி. அப்படிப் பார்த்தால் கால்வின் அசல் தென்கலை!

போன செவ்வாய்க்கிழமை கொசப்பேட்டைக்குப் போயிருந்தேன். மெட்ரோ வேலைக்காகத் தெருவெல்லாம் தகரம் அடைத்திருக்கிறார்கள். பத்து நிமிட நடைக்கு அரை மணி ஆனது. தீபாவளிக்கு அகல் வாங்கத்தான் போனேன். ஒரு பெரியவர் மோட்டார் திகிரியில் பானையளவு மண்ணை ஏற்றி, அதன் தலைப்பில் மட்டும் கட்டைவிரலை அழுத்துகிறார். குழி விழுகிறது. விளிம்பை ஒரு கிள்ளுக் கிள்ளினால் திரிக்கு மூக்கு. நூலால் அறுத்துப் பலகையில் வைக்கிறார். ஒன்றுக்குப் பத்து விநாடி பிடிக்காது. நடுவே ஓர் அகலின் வாய் கிழிந்தது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. உள்ளங்கையால் அமுக்கி மண்ணோடு சேர்த்துவிட்டு, அதே மண்ணில் அடுத்ததை எடுத்தார். "சுட்ட பிறகு இப்படி ஆனால்?" என்று கேட்டேன். "சூளைக்குள் போய் வந்துவிட்டால் அப்புறம் சில்லுதான் ஐயா" என்றார்.

வீட்டுக்கு வந்து எரேமியாவை எடுத்தேன். பதினெட்டாம் அதிகாரத்தில் குயவன் கையில் கெட்டுப்போன மண் வேறு பாத்திரமாகிறது. மனம் திரும்பினால் நானும் மனம் மாறுவேன் என்கிறார் தேவன். பத்தொன்பதாம் அதிகாரத்தில் தீர்க்கதரிசி வாங்கிக்கொண்டு போய் உடைப்பது சுட்ட கலயம். அது இனி ஒட்டாது. அடுத்தடுத்த அதிகாரங்கள். இத்தனை வருடம் படித்தும் ஈர மண்ணையும் சுட்ட மண்ணையும் நான் சேர்த்துப் பார்த்ததில்லை. அண்ணனின் மண் எந்த நாளில், எந்தச் சூளையில் வெந்தது என்று அந்த உபதேசியாருக்கு யார் சொன்னது?

ரோமர் ஒன்பதில் அதே குயவன் இருக்கிறானே என்பாய். இருக்கிறான். அழிவுக்கு எத்தனமாக்கப்பட்ட பாத்திரங்களும் இருக்கின்றன. அவற்றைப் பூசி மெழுக என்னால் முடியாது. ஆனால் அந்த அதிகாரத்தைப் பவுல் எப்படித் தொடங்குகிறார் என்று பார். தன் இனத்தாருக்காக இடைவிடாமல் மனம் நோவதாகவும், அவர்களுக்காகத் தானே சபிக்கப்பட்டவனாகத் தயார் என்றும் சொல்லித்தான் தொடங்குகிறார். குயவனைப் பற்றி எல்லாம் சொல்லி முடித்துப் பத்தாம் அதிகாரத்தைத் திறந்தால், அவர்கள் இரட்சிக்கப்பட வேண்டும் என்று ஜெபிக்கிறார். பட்டியல் கையில் இருக்கிறவன் ஜெபிப்பானா? தன்னை நோக்கி, "எனக்கு எப்படிக் கிடைத்தது இது?" என்று வியக்கிறவன் சொல்லும் சொல்தான் தெரிந்துகொள்ளுதல். அதை எடுத்து அடுத்தவன் சவப்பெட்டியில் முத்திரை குத்துவது வேறு தொழில்.

இழவு வீட்டில் எப்படிப் பேசுவது என்று உன் உபதேசியார் வெஸ்லியிடம் கற்றுக்கொள்ளலாம். 1739இல் முன்குறித்தலைத் தாக்கி அவர் பிரசங்கம் செய்ததில் கால்வின் பக்கம் நின்ற நண்பர், பிரசங்கியார் ஒயிட்ஃபீல்டோடு பிளவு. பிறகு சமாதானம் ஆனாலும் கருத்து மட்டும் ஒன்றாகவில்லை. 1770இல் ஒயிட்ஃபீல்டு அமெரிக்காவில் இறந்தபோது லண்டனில் அஞ்சலிப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி. அவ்வளவு அத்தியாவசியமில்லாத காரியங்களில் தேவனுடைய பிள்ளைகளும் வேறுபடலாம் என்று அந்தச் சண்டையைத் தாண்டிப் போய்விட்டார். நம் ஊரிலும் 1947 செப்டம்பர் 27 அன்று செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று எல்லாரும் ஒரே திருச்சபையானார்களே! உன் கட்சியும் என் கட்சியும் ஒரே பாத்திரத்தில் அப்பம் பிட்டு எழுபது வருடத்துக்கு மேலாகிறது.

அண்ணனை எனக்கு எப்படி நினைவிருக்கிறது தெரியுமா? ஞாயிறு தவறாமல் உன் அம்மாவைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து மிதித்துக்கொண்டு வருவார். கோயிலுக்குள் வரமாட்டார். வேப்பமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, ஆசீர்வாதம் முடியும்வரை நிற்பார். டீக்கடை எதிரிலேயே இருந்தும் போக மாட்டார். ஒருமுறை மழையில் நனைந்துகொண்டு நின்றவரை உள்ளே வரச் சொல்லி நான் கூப்பிட்டேன். "இங்கேயே நன்றாகக் கேட்கிறது தம்பி" என்றார்.

கல்லுக்கு வருவோம். எழுத்துக்கு இவ்வளவு என்று கொத்தர் கேட்கிறார் என்று எழுதியிருந்தாய். ரோமர் 9:16 வெட்டச் சொல். உபதேசியாருக்கு மிகவும் பிடித்த அதிகாரம், மறுக்க முடியாது. "விரும்புகிறவனாலும் அல்ல, ஓடுகிறவனாலும் அல்ல, இரங்குகிற தேவனாலேயாம்." முழுவதும் வெட்டக் கை கடித்தால் கடைசி இரண்டு சொல் போதும்.

கல் வைக்கும் தேதியை முன்கூட்டியே எழுது. நெல்லை எக்ஸ்பிரஸில் கீழ்ப் படுக்கை கிடைப்பது கஷ்டம். என் முழங்கால் மேலே ஏறாது.

அன்புடன்,
உன் பழைய வெஸ்லி கட்சிக்காரன்