கைரேகை இல்லாத காலத்துக் கொலைகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சரித்திரத் துப்பறியும் நாவல்கள் பற்றிய ஞாயிறு கட்டுரை படித்தேன். அரண்மனைச் சதி, வாள்சண்டை என்றே எழுதிவிட்டு, இவ்வகைக் கதையின் உயிர்நாடியைக் கட்டுரையாளர் விட்டுவிட்டார். உலகின் முதல் கைரேகைப் பிரிவு கல்கத்தாவில் தொடங்கியதே 1897-இல்தான். அதற்கு முந்தைய கதையில் துப்பறிபவனுக்குக் கண்ணும் காதும்தான் துணை. விறுவிறுப்பும் அங்கிருந்துதான் பிறக்க வேண்டும்.

எங்கள் ஊர்ப்பக்கம் இதற்குக் களம் கொட்டிக் கிடக்கிறது. சுசீந்திரம் கோயிலில் 'கைமுக்கு' என்றொரு வழக்கம் இருந்தது. குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி கொதிக்கும் நெய்யில் கைவிட வேண்டும். கை வெந்தால் குற்றவாளி. விடிந்தால் கைமுக்கு, உண்மையான குற்றவாளியோ வெளியே நடமாடுகிறான் என்று வையுங்கள். அந்த ஓர் இரவே 300 பக்கம் தாங்கும்! 1741 குளச்சல் போருக்குப் பின் திருவிதாங்கூரிடம் சிக்கிய டச்சுக் கம்பெனி அதிகாரி டி லனாய், திருவிதாங்கூர் படைக்கே தளபதியாகி உதயகிரிக் கோட்டையில் அடக்கமான கதை வேறு இருக்கிறது.

நம் எழுத்தாளர்களோ தஞ்சாவூரை விட்டு நகர மாட்டேன் என்கிறார்கள். உங்கள் தீபாவளி மலரில் ஒரு குறுநாவலாவது குமரி மாவட்டத்தின் வாசலான ஆரல்வாய்மொழி தாண்டி வரட்டும்.

– ஒரு வாசகர், தக்கலை