வாத்தியாரைப் பற்றி உனக்கு ஒரு கடிதம்

சென்னை,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள பூங்கொடிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நலம். மழை பிடித்துக்கொண்டாலும் அம்மாவுக்கு இளைப்பு இந்த முறை அவ்வளவாகப் படுத்தவில்லை. காப்பகத்திலிருந்து வளர்ந்த நாயை எடுத்தால் நம்மோடு ஒட்டுமா என்று ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்குத் தொலைபேசியிலேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீயே முடித்துவிடுகிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். கதிரின் பிறந்தநாளுக்கு ஒரு பீகிள் நாய்க்குட்டி பார்த்து வைத்திருப்பதாகவும், முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்றும் சொன்னாய். கொடுப்பதற்கு முன் இந்தக் கடிதத்தை ஒருமுறை முழுதாகப் படித்துவிடு; மாப்பிள்ளையிடமும் கொடு.

ஓய்வு பெற்ற பிறகு செவ்வாய், சனிக் கிழமைகளில் நான் போய்வரும் காப்பகத்தில் ஒரு நாய் இருக்கிறது. செவலை நிறம், நாட்டு நாய், ஆண், கருத்தடை ஆனது. வயது ஐந்து என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். பால் பற்கள் 28 விழுந்து நிலையான பற்கள் 42 முளைத்து முடிகிற ஏழாவது மாதம் வரையில்தான் பல்லைப் பார்த்து வயது சொல்வது கணக்கு, அதன்பின் தேய்மானத்தைப் பார்த்துச் சொல்வது மதிப்பீடு என்று அவரே சொன்னார். ஆகவே நாலரையோ ஐந்தரையோ என்று வைத்துக்கொள். பெயர் வாத்தியார். குட்டிகள் இருக்கும் அடைப்பில் சண்டை மூண்டால் இவன் எழுந்து போய் நடுவில் நிற்பான். குரைப்பதில்லை, பல்லைக் காட்டுவதில்லை, வெறுமனே நிற்பான். அவை ஒவ்வொன்றாக அடங்கிப் போய்ப் படுத்துக்கொள்ளும். அதைப் பார்த்துவிட்டு அங்கு வேலை செய்யும் பையன்கள் வைத்த பெயர் அது. முப்பத்திரண்டு வருடம் கணக்குப் பாடம் எடுத்த எனக்குக் கடைசிவரை கைகூடாத வித்தை. இப்போது யாராவது "வாத்தியாரே" என்று கூப்பிட்டால் நாங்கள் இருவருமே திரும்பிப் பார்க்கிறோம்.

அவன் ஏன் அங்கே இருக்கிறான் என்று நீ கேட்பாய். தெருவில் பிறந்த நாயைப் பிடித்தால் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அடையாளத்துக்குக் காது நுனியைச் சிறிது வெட்டி, எந்தத் தெருவில் பிடித்தார்களோ அதே தெருவில் கொண்டுபோய் விட வேண்டும் என்பது 2001-ல் வந்த விதி; 2023-ல் திருத்தி எழுதிய விதியும் அதைத்தான் சொல்கிறது. சட்டம் வருவதற்கு வெகு முன்பே, 1964-ல், புளூ கிராஸ் அமைப்பு இந்தச் சென்னையில் தொடங்கிய வழி அது. எனவே ஆரோக்கியமான தெருநாய் காப்பகத்தில் நெடுநாள் இருப்பதில்லை; அதற்கென்று ஒரு தெரு இருக்கிறது, சோறு வைக்கும் ஒரு வாசல் இருக்கிறது, அங்கே திரும்பிவிடுகிறது. தங்கிவிடுபவை காலிழந்தவையும், கண் தெரியாதவையும், கிழடுகளும், பிறகு வீட்டில் வளர்ந்து வெளியே விடப்பட்டவையும். வாத்தியார் இந்தக் கடைசி வகை. ஒரு மேம்பாலத்தின் அடியில், கழுத்துப் பட்டை கழற்றப்பட்ட தழும்போடு, மற்ற நாய்கள் துரத்தத் துரத்தத் தூணோடு ஒண்டி நின்றவனை யாரோ ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டிருக்கிறார்கள். வளர்த்த நாயைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்தான். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை என்று அதில் எழுதியிருக்கிறது. 50 ரூபாய்க்கு இன்றைக்கு நாலு காப்பி கூடக் கிடைக்காது.

அவன் வீட்டில் வளர்ந்தவன் என்பதற்கு அந்தத் தழும்பைவிட நல்ல சாட்சி ஒன்றை நானே கண்டேன். காப்பகத்தின் பின்கட்டில் காவலாளி குடும்பத்தோடு இருக்கிறார். காலை பத்தரை மணிவாக்கில் அங்கே குக்கர் வைப்பார்கள். முதல் விசிலுக்கு வாத்தியாரின் காது நிமிரும். இரண்டாவதற்கு எழுந்து சோம்பல் முறிப்பான். மூன்றாவது வந்ததும் நேராக நடந்து போய் அந்த வீட்டு வாசற்படிக்கு வெளியே, மிதியடியின் மேல், உட்கார்ந்துகொள்வான். படியைத் தாண்ட மாட்டான். கதவு திறந்தே கிடந்தாலும் "வா" என்று சொன்னால்தான் உள்ளே கால் வைப்பான். ஒருநாள் அந்த அம்மாள் பருப்புக்கு ஐந்து விசில் விட்டார்கள். இவன் மூன்றாவதற்கே போய் உட்கார்ந்து, நாலாவது வந்தபோது அவர்களை நிமிர்ந்து பார்த்ததை நீ பார்த்திருக்க வேண்டும். எங்கோ ஒரு வீட்டில் மூன்று விசிலில் சோறு இறங்கியிருக்கிறது. அதில் ஒரு கை இவனுக்கும் விழுந்திருக்கிறது. படி தாண்டாதே என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்த ஒருவரும் அந்த வீட்டில் இருந்திருக்கிறார். அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று தெரியாமல் திட்டுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தத்தெடுக்க ஆட்கள் வருவார்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் நேராகக் குட்டிகளின் அடைப்புக்குத்தான் போகிறார்கள். வாத்தியார் தன் அலுமினியத் தட்டை வாயில் கவ்விக்கொண்டு கம்பிக் கதவருகே வந்து நிற்பான். ஏன் தட்டு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கையில் எதையாவது வைத்துக்கொண்டு விருந்தாளியை வரவேற்பது அவன் முறைமை போலும். சிலர் சிரித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். பன்னிரண்டு மணிக்கு மேல் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் படுத்துவிடுவான். பதினாலு மாதமாக இப்படித்தான் நடக்கிறது.

பெரிய நாய் நம்மோடு ஒட்டாது, ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நீ கேட்டாய். வளைய வேண்டியதெல்லாம் இவன் முன்பே வளைந்துவிட்டான் என்பதுதான் என் பதில். உன் வீட்டுக் கணக்கைப் பார். நீங்கள் மூவரும் காலை எட்டரைக்குப் புறப்பட்டால் கதிர் திரும்பும்போது மணி நாலு. இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. வளர்ந்த நாய் ஏழெட்டு மணி நேரம் தாங்கும். குட்டிக்கு ஆறாவது எட்டாவது வாரத்தில் தொடங்கிப் பதினாறாவது வாரம் வரை மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை தடுப்பூசி போட்டாக வேண்டும். அது முடியும்வரை தெருவில் இறக்கவே பயம். இவனுக்கு எல்லாம் போட்டாகிவிட்டது. தவிர, 35 நாள் ஆன குட்டி என்று அந்த ஆள் உன்னிடம் பெருமையாகச் சொன்னதாகச் சொன்னாயே, எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கவே கூடாது என்பது 2017-ல் வந்த விதி. தாயோடும் உடன்பிறந்தவற்றோடும் உருண்டு புரண்டு விளையாடும் அந்த நாட்களில்தான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. பீகிளும் லேசான இனம் இல்லை. இங்கிலாந்தில் முயல் வேட்டைக்காக, கூட்டமாக ஓடவும் மோப்பம் பிடித்தால் உரக்க ஊளையிட்டு ஊரைக் கூட்டவும் தலைமுறை தலைமுறையாகப் பழக்கிய நாய் அது. அதை நாலாவது மாடியில் பகல் முழுவதும் பூட்டி வைத்தால் அது தன் வேலையை உங்கள் பக்கத்து வீட்டாருக்குக் காட்டும்.

நம் டாமியை நீ மறந்திருக்க மாட்டாய். 1998 கோடை, உனக்குக் கதிரின் வயதுதான். வாங்கி வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. வாந்தி எடுத்து, ரத்தமாகப் பேதி போய், நாலாம் நாள் விடியற்காலையில் கிணற்றடியில் கிடந்தது. பார்வோ என்ற அந்த நோயின் பெயரையே நான் அன்றுதான் கேள்விப்பட்டேன். தடுப்பூசிக்குச் சம்பள நாள் வரட்டும் என்று தள்ளிப் போட்டவன் நான்தான். அதை உன்னிடம் அப்போது சொல்லவில்லை. ஒரு வாரம் நீ என்னோடு பேசாமல் இருந்தது, காரணம் தெரிந்தா தெரியாமலா என்று இன்றும் யோசிப்பேன். நீ குட்டி வாங்குவதை நான் இவ்வளவு தடுப்பதில் அந்த நினைப்பும் கலந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வாத்தியாரின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். பெண் பார்க்கப் போன இடத்தில் ஜாதகத்தை மறைத்ததுபோல் ஆகிவிடக் கூடாது. பூனையைக் கண்டால் கயிற்றை இழுப்பான். மாப்பிள்ளை பிடித்தால் நிற்பான், கதிர் கையில் கயிற்றைக் கொடுக்கக் கூடாது. சாப்பிடும்போது யாரும் தட்டுப் பக்கம் போகக் கூடாது. கடித்ததில்லை, ஆனால் உடம்பு விறைத்துப் போகும், அது அவன் சொல்லும் எச்சரிக்கை. துடைப்பத்தை ஓங்கிப் பிடித்தால் ஒதுங்கிவிடுவான். அதன் காரணத்தை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். தீபாவளி மூன்று நாளும் குளியலறை மூலையை விட்டு வெளியே வரமாட்டான். சென்ற ஆண்டு உண்ணிக் காய்ச்சல் வந்து ரத்தத் தட்டணுக்கள் இறங்கி, டாக்சிசைக்ளின் மாத்திரை 28 நாள் கொடுத்துத் தேறியிருக்கிறான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்துக்கொள்வது நல்லது. கீழ்க் கோரைப்பல் ஒன்று பாதி உடைந்திருக்கிறது. முகவாய் இப்போதே கொஞ்சம் வெளுத்துவிட்டது.

குழந்தைகளிடம் எப்படி என்பதுதான் உன் பெரிய கவலை. குட்டியிடம் இதற்குப் பதில் இல்லை, அது என்னவாக வளரும் என்று விற்பவனுக்கும் தெரியாது. இவனிடம் பதில் இருக்கிறது. பக்கத்துப் பள்ளியிலிருந்து மாதம் ஒருமுறை பிள்ளைகள் வருகிறார்கள். அவர்கள் தரையில் உட்கார்ந்தால் இவன் வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்து, மெல்லத் தன் முழு எடையையும் அவர்கள் முழங்காலில் சாய்த்துவிடுவான். பிள்ளை நகர்ந்தால் விழுவான். விழுந்த இடத்திலேயே கிடப்பான். பதினாலு மாதமாக இதைப் பார்த்துத்தான் சொல்கிறேன். ஆனாலும் எந்த நாயானாலும் பல் பட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதைக் கதிருக்குச் சொல்லி வை.

இவ்வளவு சொல்கிறவர் நீங்களே வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று மாப்பிள்ளை நினைக்கலாம், நியாயம்தான். நாய் முடி ஒன்று வீட்டில் பறந்தாலும் அம்மாவுக்கு இளைக்கும். நான் காப்பகத்திலிருந்து வந்தால் வாசலிலேயே சட்டையை மாற்றிக்கொண்டுதான் உள்ளே போகிறேன். எனக்கு எழுபது ஆகிறது. இவனுக்கு இன்னும் ஏழெட்டு வருடம் இருக்கிறது; அந்த வருடங்களை நான் உறுதியாகக் கொடுக்க முடியாது. இருமுறை வீடு இழந்தவனாக அவனை ஆக்கிவிடக் கூடாது என்பதே என் பயம்.

உங்கள் குடியிருப்புச் சங்கத்தார் ஆட்சேபம் சொன்னால், வளர்ப்பு நாயைத் தடை செய்யவோ மின்தூக்கியில் ஏற்றக் கூடாது என்று சொல்லவோ சங்கத்துக்கு அதிகாரம் இல்லை என்று இந்திய விலங்குகள் நல வாரியம் வெளியிட்ட வழிகாட்டுதல் இருக்கிறது. படி எடுத்து அனுப்புகிறேன். மாநகராட்சி உரிமம் எடுப்பது உன் பொறுப்பு. காப்பகத்தில் பணம் கேட்பதில்லை, அடையாள அட்டை, முகவரிச் சான்று, ஓர் உறுதிமொழி, பிறகு வீட்டைப் பார்க்க ஒருவர். வந்தவுடன் தூக்கிக்கொண்டு போகவும் விடமாட்டார்கள். அதுவே எனக்கு அந்த இடத்தில் பிடித்தது. சனிக்கிழமை வந்து பழகி, இரவு எங்களோடு தங்கி, ஞாயிறும் பழகி, அதற்கு மேலும் மனம் ஒப்பினால் அழைத்துக்கொண்டு போங்கள். ஒப்பாவிட்டால் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். கோயம்புத்தூர் 500 கிலோமீட்டர். காரில் இரண்டரை மணிக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள், புறப்படும் முன் சோறு வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் அவன் உடனே வாலாட்டுவான் என்று கதிர் எதிர்பார்க்கக் கூடாது. மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரம் பழக்கம், மூன்று மாதத்தில் வீடு தன்னுடையது என்ற நினைப்பு, இதுதான் காப்பகத்தில் சொல்லும் வாய்ப்பாடு. முன்னே பின்னே ஆகலாம். முதல் வாரம் விருந்தாளிகளை அழைக்காதே. ஒரு மூலையில் பழைய போர்வையைப் போட்டு அதை அவன் இடமாக விட்டுவிடு. சாக்லேட், திராட்சை, வெங்காயம் மூன்றும் கதிர் கையிலிருந்துகூட அவன் வாய்க்குப் போகக் கூடாது.

வருவதானால் வியாழனுக்குள் சொல்; சனிக்கிழமை காலையில் அவனைக் குளிப்பாட்டி வைக்க வேண்டும், ஈரம் காய நேரமாகும். உங்கள் வீட்டில் சோற்றுக்கு எத்தனை விசில் விடுகிறாய் என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா